பங்கருக்கு நடந்துபோகப் பழகியது

எங்கள் நாய்க்குத் துரத்திப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததற்கு நாயின் குணம், அதன் சாதி, அது பிறந்த நேரம் என்று பலர் பல காரணம் சொன்னார்கள். அவர்கள் சொல்லும்போது நானும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு. கொக்குவிலில் நானும் மனைவியும் ஒன்பது வயது மகளும் இருந்தோம். முன்பக்கம் மதில், மற்ற மூன்று பக்கமும் கிடுகு வேலி. பெற்றோல் இல்லாத காலம், ஆகையால் சைக்கிள்தான் எல்லாம். நான் வேலைக்குப் போவதும், மகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும், விறகும் மாவும் மண்ணெண்ணெயும் ஏற்றி வருவதும் அதில்தான். அந்தச் சைக்கிளை ஒருநாள் பட்டப்பகலில் விறாந்தையிலிருந்து எவனோ எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு வெளியே வந்தபோது அவன் ஒழுங்கையின் முடிவில் திரும்பிக்கொண்டிருந்தான். துரத்தினேன். சாரம் தடுக்கி விழுந்ததுதான் மிச்சம். எப்படியோ இன்னொரு சைக்கிள் தேடிக்கொண்டேன். அதற்கு அடுத்த வேலையாக ஒரு நாய் தேடினேன்.

எங்கள் அலுவலகத்துக்கு வந்து போகிற ஒருவர் கோப்பாயில் தோட்டம் செய்தார். தன் வீட்டு நாய் குட்டி போட்டிருப்பதாகச் சொன்னார். போய்ப் பார்த்தேன். தாய் நாய் மெலிந்து, நீண்ட கால்களுடன், புகையிலைத் தோட்டத்து வரம்பில் நின்றது. "முயலைக் கண்டால் விடாது. போன கிழமையும் ஒண்டைப் பிடிச்சுக் கொண்டந்து வாசல்லை போட்டது" என்றார் பெருமையாக. எனக்கு வேறென்ன வேண்டும்? மண்ணிறமும் கறுத்த மூஞ்சியுமாக இருந்த ஒரு கடுவன் குட்டியைச் சைக்கிள் கூடையில் வைத்துக் கொண்டுவந்தேன். வீட்டில் ஆளுக்கொரு பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். எல்லாப் பெயருக்கும் வந்தது.

முயல் பிடிக்கிற தாயின் குட்டிக்குப் புதிதாக ஒன்றையும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. நீளக் கயிற்றில் ஒரு பழைய சாரத் துண்டைக் கட்டி இழுத்துக்கொண்டு கிணற்றைச் சுற்றி ஓடுவேன். குட்டி பின்னால் பறந்து வந்து துண்டைக் கவ்வித் தலையை இரண்டு பக்கமும் உதறும். முயலின் கழுத்தை முறிப்பதற்கான உதறல் அது. எனக்கு அப்போது அது தெரியாது, விளையாடுகிறது என்று நினைத்தேன். விடாமல் தொங்கினால் முதுகில் தட்டி, "கெட்டிக்காரன்!" என்பேன். விட்டால் திரும்பவும் ஓடிக் காட்டுவேன்.

குட்டி ஓரளவு வளர்ந்ததும் பக்கத்து வீட்டு அண்ணை கள்ளனாக நடிக்க முன்வந்தார். அவர் ஓய்வு பெற்றவர், பொழுது போகாதவர், யாருக்கு என்ன உதவி என்றாலும் முதல் ஆளாக நிற்பவர். கணுக்காலிலிருந்து முழங்கால் வரைக்கும் சாக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு அவர் ஓடினார். நான் தொண்டை கிழியக் கத்தினேன். நாய் பாய்ந்து சாக்கைக் கவ்வியது. ஒழுங்கையில் நின்ற சனம் கைதட்டிச் சிரித்தது. மனைவி மட்டும் குசினி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"கள்ளன் மட்டுந்தான் ஓடுவானெண்டு அதுக்கு ஆர் சொல்லிக் குடுக்கிறது?" என்று கேட்டாள்.

இவளுக்கு எதிலும் ஒரு குறை கண்டுபிடிக்காவிட்டால் சரிவராது என்று நினைத்துக்கொண்டு நான் அடுத்த சுற்றுக்கு ஆயத்தமானேன்.

பயம் என்பது அந்த நாய்க்கு ஆரம்பத்தில் இருக்கவில்லை. பொம்மர் விமானம் தலைக்கு மேல் போனாலும் அண்ணாந்து பார்த்துவிட்டுப் படுத்துவிடும். ஒருநாள் ரயில் ஓடாத தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு குண்டு விழுந்தது. எங்கள் கூரையிலிருந்து ஏழெட்டு ஓடுகள் சரிந்தன. நாய் கட்டிலுக்குக் கீழே புகுந்து பின்னேரம் வரைக்கும் வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு பொம்மரின் இரைச்சல் எங்களுக்குக் கேட்கும் முன்னரே அதற்குக் கேட்டுவிடும். சாப்பாட்டை விட்டு எழும்பி, வாலைக் கால்களுக்கிடையில் செருகிக்கொண்டு, வளவின் நடுவில் வட்டமாகச் சுற்றும். அதைக் கண்டதும் நாங்கள் பங்கருக்குப் போக ஆயத்தமாவோம். அப்போது எல்லார் வளவிலும் ஒரு பங்கர் இருந்தது. எங்களுடையது குசினிக்கும் கிணற்றுக்கும் நடுவில். பனங்குற்றிகளை அடுக்கி, மேலே மண்மூட்டை போட்ட குழி. நாய் முன்கூட்டியே சொல்லுகிறது என்று அண்ணையிடம் பெருமைப்பட்டுக்கொண்டேன். அந்தச் சுற்றலில் இருந்த நடுக்கம் எனக்கு ஒரு வசதியாக மட்டும்தான் தெரிந்தது.

மகளைக் கடித்தது ஒரு சனிக்கிழமை, பதினொரு மணியளவில். மகள் குளித்து முடித்துத் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றடியில் நின்றாள். நானும் மனைவியும் பங்கர் வாசலுக்கு வந்துவிட்டோம். நாய் நடு வளவில் சுற்றிக்கொண்டிருந்தது. பொம்மர் தாழப் பதிகிற சத்தம் கேட்டதும் நான், "ஓடி வா பிள்ளை, ஓடி வா!" என்று கத்தினேன். அண்ணைக்குப் பின்னால் கத்திய அதே கத்தல்தான். மகள் ஓடினாள். துவாய் பின்னால் பறந்தது. நாய் சுற்றுவதை நிறுத்தித் திரும்பியது. அதன் பிறகு இரண்டு பாய்ச்சல்.

கெண்டைக்காலில் பிடித்தது. பிடித்து உதறியது. நான் போய் அதன் விலாவில் உதைத்துப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் விழுந்தேன். குண்டுகள் எங்கோ தூரத்தில், பட்டணப் பக்கம் விழுந்தன. மகள் அழவில்லை. காலைப் பார்த்தாள், பிறகு பங்கர் வாசலைப் பார்த்தாள், பிறகு தாயின் சட்டையைப் பிடித்த கையை விடவில்லை.

வெளியே வந்ததும் பங்கர் வெட்டிய இரும்பு அலவாங்கைத் தேடினேன். மனைவி என் கையைப் பிடித்தாள். "முதல்லை பிள்ளையை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ. நாயை ஆறுதலாக் கொல்லலாம்."

ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருவர் இருந்தார். காயத்தைப் பார்த்தார். வீட்டு நாயா, தெரு நாயா என்று கேட்டார். வீட்டு நாய் என்றேன்.

"உயிரோடை நிக்குதோ?"

"இப்போதைக்கு நிக்குது. போய்த்தான் அலுவலை முடிக்கவேணும்."

அவர் பேனையைக் கீழே வைத்தார். "ஐயா, அந்த நாய்க்கு ஒண்டும் நடக்கக் கூடாது. நாளையிலையிருந்து எண்ணிப் பத்து நாள் பாருங்கோ. பத்து நாளும் சாப்பிட்டு, தண்ணி குடிச்சு, நல்லா நிண்டால் அதுக்கு விசர் இல்லை. பிள்ளைக்கு ஊசி தேவையில்லை. இடையிலை செத்தாலோ, காணாமல் போனாலோ, பொக்குளைச் சுத்திப் பதினாலு ஊசி போடவேணும். அந்த மருந்து இப்ப இஞ்சை இல்லை. கொழும்பிலையிருந்து கப்பல் வந்தால்தான்."

"கப்பல் எப்ப வரும்?"

அவர் காயத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவத் தொடங்கினார். சவர்க்காரம் தங்கத்துக்குச் சமமான காலம் அது. அவர் பாதிக் கட்டியைக் கரைத்தார். வீட்டிலும் தினமும் இப்படிக் கழுவும்படி சொன்னார்.

திரும்பி வரும்போது மகள் சைக்கிள் பாரில் இருந்தாள். "நாய் செத்தால் நானும் செத்துப்போவனோ அப்பா?" என்று கேட்டாள். "விசர்க் கதை கதையாதை" என்று அதட்டிவிட்டு வேகமாக மிதித்தேன். நாயைக் கட்டாமல் விட்டு வந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒழுங்கையில் திரும்பியதும் அண்ணை எதிரே வந்தார். சைக்கிள் கரியரில் ஒரு சாக்கு, வாய் கட்டிய சாக்கு, அசைகிற சாக்கு.

"நீ ஒண்டுக்கும் யோசியாதை தம்பி. கல்லுண்டாய் வெளியிலை கொண்டுபோய் விட்டிட்டு வாறன். திரும்பி வராது" என்றார்.

என் வாழ்க்கையில் ஒரு சாக்கை அவ்வளவு ஆசையோடு நான் கட்டிப்பிடித்ததில்லை. நடு ஒழுங்கையில் மகள் ஒற்றைக் காலில் நிற்க, நான் சாக்கை இறக்கி, டொக்டர் சொன்னதை விளக்கினேன். அண்ணைக்கு ஏமாற்றம்தான். "சரி, பத்து நாள் போகட்டும். பதினோராம் நாள் நான் சாக்கோடை வாறன்" என்றார். நானும் ஓம் என்றேன். அதில் எனக்கு எந்த மறுப்பும் இருக்கவில்லை. பதினோராம் நாள்வரை அந்த நாயின் உயிர் என் பிள்ளையின் உயிர், அதற்குப் பிறகு அது எனக்கு யாரும் இல்லை.

முதல் நாள் அதைக் குசினியோரத்து மாமரத்தில் சங்கிலியால் கட்டினேன். பார்க்கிற வேலையை மகளே எடுத்துக்கொண்டாள். அறை யன்னலுக்குள் இருந்தபடி கொப்பியில் எழுதினாள்: காலையில் புட்டுச் சாப்பிட்டது, இரண்டு தரம் தண்ணீர் குடித்தது, படுத்தது. வெளியே வரச் சொன்னால் வரமாட்டாள். கழிவறைக்குப் போவதற்குத் தாய் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் நிற்க வேண்டும்.

இரண்டாம் நாள் பொம்மர் வந்தது. நாங்கள் மூன்று பேரும் பங்கருக்குள் போய்விட்டோம். மேலே சங்கிலி இழுபடுகிற சத்தம் கேட்டது, பிறகு தொண்டை அடைக்கிற மாதிரி ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால் நாய் பயத்தில் மரத்தைச் சுற்றிச் சுற்றி, சங்கிலி கழுத்தை இறுக்கி, முன்கால்கள் நிலத்தில் படாமல் நின்றது. நாக்கு நீலம். விட்டுவிடலாமா? பதினாலு ஊசி, வராத கப்பல். மனைவி கத்தக் கத்த ஏறி ஓடினேன். சங்கிலியைக் கழற்றி நாயைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் இறங்கினேன். அதன் நெஞ்சு என் விலாவில் அடித்தது. என் சட்டையெல்லாம் மூத்திரம்.

நான் இறங்கியதுதான் தாமதம், மகள் என்னைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டாள். குசினிக்குள் புகுந்து நிலையைப் பிடித்துக்கொண்டாள். தாய் பின்னால் போய் இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. கடைசியில் தாயும் அங்கேயே நின்றாள். பங்கருக்குள் நானும் நாயும். பெண்சாதியும் பிள்ளையும் ஓட்டுக் கூரைக்குக் கீழே. இதைவிடக் கெட்டித்தனமான ஏற்பாட்டை யாராலும் செய்திருக்க முடியாது.

அன்று பின்னேரம் நாய்க்கென்று இன்னொரு குழி வெட்டத் தொடங்கினேன். எங்கள் ஊர் மண்ணை அறிந்தவர்களுக்குத் தெரியும், இரண்டடிக்குக் கீழே சுண்ணாம்புக் கல். முதல் பங்கருக்கே ஒரு மாதம் எடுத்தது. இருட்டுவதற்கு முன் அலவாங்கை எறிந்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவளுக்காக நாய் பங்கருக்குள் இருக்க வேண்டும். நாய் இருந்தால் அவள் பங்கருக்கு வரமாட்டாள். மிச்சம் எட்டு நாள். நாயைக் கொல்வதைப் பற்றி யோசித்த அளவுக்கு நாயைப் பற்றி நான் அதுவரை யோசித்ததே இல்லை.

மூன்றாம் நாள் அலுவலகத்துக்குப் போகாமல் அதன் முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். எழும்பி நடந்தேன். அது கண்ணைத் திறக்கவில்லை. சாரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். ஒரு கண் திறந்தது. கொஞ்சம் வேகமாக நடந்தேன். காது நிமிர்ந்தது. நாலடி ஓடினேன். உடம்பு முழுவதும் எழும்பியது, கண் வேறு கண்ணாகிவிட்டது, சங்கிலி விறைத்தது. அப்படியே நின்றேன். சற்று நேரம் பார்த்தது, பிறகு மோந்துகொண்டு வந்து வாலை ஆட்டியது. நான் யார் என்பது அதற்கு நின்ற பிறகுதான் தெரிகிறது. ஓடும்போது நான் வெறும் இரண்டு கால்கள். இதை ஆறேழு தரம் செய்து பார்த்தேன், ஒரு தரமும் மாறவில்லை. வேலிக்கு மேலால் அண்ணை பார்த்துவிட்டு, "தம்பி, விசர் நாய்க்கோ உனக்கோ?" என்று கேட்டார்.

இன்னொன்றையும் அன்று கண்டேன். தூரத்தில் ஹெலிகொப்டர் சத்தம் கேட்டதும் நாய் வாயில் வைத்திருந்த கருவாட்டுத் துண்டைக் கீழே போட்டுவிட்டது. கருவாட்டுக்காகக் குசினிக் கூரையில் ஏறக்கூடிய நாய். சத்தம் போய் வெகுநேரத்துக்குப் பிறகுதான் அதைத் திரும்ப எடுத்தது. பயந்த நாய் சாப்பிடாது. சாப்பிடுகிற நாய் பயத்தில் இல்லை. டொக்டர் சாப்பாட்டைப் பார்க்கச் சொன்னது விசருக்காக. எனக்கு அது பயத்தை அளக்க உதவியது. குசினியில் திருடியதற்கு நான் உதைத்தும் அடித்தும் அது கற்றுக்கொண்ட ஒரே பாடம், என் கை உயர்ந்தால் பதுங்க வேண்டும் என்பது.

நாலாம் நாள் யன்னலுக்குள்ளிருந்து மகள் கேட்டாள்.

"அப்பா, அண்டைக்கு அது ஏன் நடுங்கினது?"

"பயம்."

"என்னிலை கோபமில்லையோ?"

நாலு நாளாக அவள் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள். நாய்க்குத் தன் மேல் என்ன கோபம், தான் என்ன பிழை செய்தேன் என்று.

"உன்னிலை ஒரு கோபமும் இல்லை பிள்ளை. பயம் வந்தால் என்ன செய்யிறதெண்டு அதுக்குத் தெரியேல்லை. நான் பழக்கிவிட்ட ஒண்டு தெரியும். அதைச் செய்துபோட்டுது. பிழை என்ரை."

குசினிக்குள் அகப்பைச் சத்தம் நின்றது. மனைவி ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். திரும்பவும் துழாவத் தொடங்கினாள். அவள் பெரிய மனது பண்ணியது எனக்கு விளங்கியது.

பேணி யோசனை மகளுடையது. வெறும் பால்மாத் தகரப் பேணிக்குள் வாயை வைத்து மூக்கால் இரைந்தால் பொம்மர் சத்தம் அப்படியே வரும். பள்ளிக்கூடத்தில் பெட்டைகள் இதைச் செய்து ரீச்சரைக் கதிரைக்குக் கீழே அனுப்பியதாகச் சொன்னாள். முன் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, மெதுவாக இரையச் சொன்னேன். நான் நாய்க்குப் பக்கத்தில் இருந்து சுட்ட கருவாட்டைச் சிறு சிறு துண்டாகக் கொடுத்தேன். மென்றால் தொடரலாம். மெல்லுவதை நிறுத்தினால் நான் தலையை ஆட்டுவேன், அவள் யன்னலால் பார்த்துச் சத்தத்தைக் குறைக்க வேண்டும். முதல் நாளில் இருபது தரம் தலையை ஆட்டியிருப்பேன். அடுத்த நாள் கதவைத் திறந்து வைத்தோம். அதற்கடுத்த நாள் அவள் விறாந்தையில் நின்று இரைந்தாள். அவள் வெளியே வந்து நிற்கிறாள் என்பதை நானும் மனைவியும் ஒரே நேரத்தில்தான் கண்டோம். இருவரும் காணாத மாதிரி இருந்துவிட்டோம்.

பேணியை இறக்கிவிட்டு நாயைப் பார்த்து, "பயந்திட்டியோ? சரி, சரி" என்பாள். ஏழாம் நாள் அதன் முதுகில் கையை அப்படியே வைத்து அமத்திக்கொண்டு இதைச் சொன்னாள். தட்டினால் அது துள்ளும், வைத்திருந்தால் அடங்கும் என்று அவளாகவே கண்டுபிடித்திருந்தாள்.

இதனோடு பங்கருக்குப் போகிற ஒத்திகையும் நடந்தது. முதலில் நாயைக் கயிற்றில் கொண்டுபோய் உள்மூலையில் ஒரு சாக்கில் இருத்திக் குற்றியில் கட்டுவது. பிறகு மனைவி, கடைசியில் மகள். ஒருவரும் ஓடக்கூடாது. குசினி வாசலிலிருந்து பங்கருக்கு முப்பத்திரண்டு காலடி. நான் பட்டாளத்துப் பெரியவன் கணக்காக நின்று விளக்கம் கொடுத்தேன்: பொம்மர் ஒரு வட்டம் அடித்துவிட்டுத்தான் பதியும், நடக்க நேரம் தாராளம், ஓடுகிறவன் தடுக்கி விழுவான், பதறுகிறவன்தான் முதலில் சாவான். மனைவி ஒரு நாள் கொஞ்சம் எட்டி நடந்ததற்குத் திரும்பப் போகச் சொன்னேன். ஆறாம் நாள் மகள் இரண்டாவது படிவரை இறங்கினாள். எட்டாம் நாள் உள்ளே வந்து, நாய்க்கு எதிர்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டு இருந்தாள். கயிற்றை நான் பிடித்திருந்தேன். பிறகு நுனியைத் தன்னிடம் தரச் சொன்னாள்.

ஒன்பதாம் நாள் திங்கட்கிழமை. நான் மத்தியானம் வேலையிலிருந்து வந்து படலையைத் திறந்து சைக்கிளை உள்ளே எடுத்தேன். மனைவி கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். நாய் எழும்பி நின்று தலையைத் திருப்பியது, ஆனால் சுற்றவில்லை. அடுத்த கணம் எனக்கும் கேட்டது. இரண்டு பொம்மர்கள். மகள் குசினியிலிருந்து வெளியே வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. மாமரத்தில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தாள். நாயைப் பக்கத்தில் விட்டுக்கொண்டு, கட்டுப் போட்ட காலை இழுத்து இழுத்து, அடிகளை வாய்விட்டு எண்ணிக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். பதின்மூன்று, பதினாலு. நான் அதைப் பார்த்தேன். இவ்வளவு தெளிவாக நினைவில் இருக்கிறது.

வட்டம் அடிக்கவில்லை. நேரே பதிந்தது. அந்தக் கூவல் என் மண்டைக்குள் கேட்டது. நான் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன்.

மகளைத் தூக்கத்தான் ஓடினேன் என்று பிறகு சிலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். நான் அவளைத் தாண்டி ஓடினேன். என் முழங்கை அவளுடைய தோளில் இடித்தது. அது அவள் என்று தெரிந்துகொண்டே ஓடினேன். என் கண்ணில் பங்கர் வாசல் ஒன்றுதான் இருந்தது. கயிறு அவள் கையிலிருந்து உருவியது. படியில் கால் வைக்கிற நேரத்தில் நாய் என் கெண்டைக்காலைப் பிடித்தது. நான் தலைகீழாக உள்ளே விழுந்தேன், நாய் எனக்கு மேல்.

குண்டு விழுந்தது. பனங்குற்றிகளுக்கிடையிலிருந்து மண் கொட்டியது. தூசி அடங்க முதல் படிகளில் மகளின் கால்கள் தெரிந்தன. ஒரு படி, அடுத்த படி. அவளுக்குப் பின்னால் ஈரக் கையோடு மனைவி. இருவரும் நடந்து வந்தார்கள்.

மகள் என் காலைப் பார்த்தாள். நடுங்கிக்கொண்டு மூலையில் ஒடுங்கியிருந்த நாயைப் பார்த்தாள். முதலில் நாயிடம் போய்க் கயிற்றைக் குற்றியில் கட்டி, அதன் முதுகில் கையை வைத்தாள். பிறகு என்னிடம் வந்தாள். நானும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தேன். என் முதுகில் கையை அப்படியே வைத்து அமத்தினாள்.

"பயந்திட்டியள் அப்பா. சரி, சரி."

நாயிடம் பேசுகிற அதே குரல். கோபம் இல்லை, கேலி இல்லை. ஒரு சொல் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் அழுதேன். வெட்கத்தில் அழுதேன். மனைவி தன் சேலைத் தலைப்பைக் கிழித்து என் காலைக் கட்டினாள். அவளும் என்னைத் திட்டவில்லை, என் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் அதே டொக்டர். "அதே நாயோ?" என்றார். ஓம் என்றேன். "நிக்குதோ?" நிற்கிறது என்றேன். "அப்ப நாளையிலையிருந்து எண்ணுங்கோ" என்று எழுதிக்கொண்டே சொன்னார்.

செவ்வாய்க்கிழமை மகளுக்குப் பத்தாம் நாள். நாய் புட்டுச் சாப்பிட்டது, தண்ணீர் குடித்தது, சேவல் ஒன்றைப் பார்த்து உறுமியது. மகளுக்கு ஊசி தேவையில்லை என்றானது. மனைவி சுவாமிப் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். பதினோராம் நாள் அண்ணை சொன்ன சொல் தவறாமல் சாக்கோடு வந்தார். நான் சாரத்தை உயர்த்திக் காலில் போட்ட கட்டைக் காட்டினேன். "எனக்கு இண்டைக்கு இரண்டாம் நாள் அண்ணை."

"உன்னை ஏனடா கடிச்சது?"

"ஓடினன்."

"கள்ளன் மாதிரி ஓடியிருப்பாய்" என்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் சிரிக்க வேண்டியிருந்தது. சாக்கை மடித்துக் கரியரில் வைத்துக்கொண்டு போனவர், பிறகு அதைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் பதினோராம் நாள் என்ற பேச்சை எடுக்கவில்லை.

மகள்தான் என் பத்து நாளையும் கொப்பியில் எழுதினாள். அத்தோடு, "உங்களுக்கும் பழக்கவேணும் அப்பா" என்றாள். விளையாட்டாகச் சொல்கிறாள் என்று பார்த்தேன். விளையாட்டில்லை. காலையில் நான் வேலைக்கு வெளிக்கிட முதல் என்னைப் படலையடியில் நிற்கச் சொன்னாள். தான் நடு வளவில், பேணியோடு. நாய் மாமரத்துக்குக் கீழே படுத்துக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்தது. மனைவி குசினி வாசலில் நின்றாள். மகள் இரைந்தாள். நான் நடந்தேன். பாதி வளவு வருமுன் என் கால்கள் தாமாகவே வேகம் பிடித்தன. பேணி என்று தெரியும், பிள்ளையின் மூக்குச் சத்தம் என்று தெரியும், அப்படியிருந்தும் வேகம் பிடித்தன. அவள் பேணியை இறக்கினாள்.

"படலையடிக்குப் போங்கோ. திரும்ப."

போனேன். இரண்டாம் தரமும் சரிவரவில்லை. மூன்றாம் தரமும் போகச் சொன்னாள். நாற்பது வயது ஆம்பிளை, அலுவலகத்துக்கு உடுத்த உடுப்போடு, காலில் கட்டோடு, படலைக்கும் பங்கருக்கும் நடந்தேன். நாலாம் தரம் கால்கள் ஒருவிதமாக அடங்கின. அவளுக்குக் கிட்ட வந்துவிட்டேன். திங்கட்கிழமை நான் அவளை இடித்துக்கொண்டு தாண்டிய இடத்தில்தான் அவள் நின்றாள். இரைச்சலை நிறுத்தாமல், பேணியை ஒரு கையால் வாயில் பிடித்தபடி, மற்றக் கையை என் பக்கம் நீட்டினாள். நான் அந்தக் கையைப் பிடித்தேன். மிச்சத் தூரத்தை இருவரும் சேர்ந்து நடந்தோம்.